குச்சிகளின் ஒழுங்கும் எண்ணிக்கையின் நெறியும்

(வெள்ளிவிழா அறிவியல் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் எனக்குக் கடிதம் எழுதியபோது, இளைஞர்களுக்கு ஊக்கம் தரும் வகையில் ஏதேனும் ஓர் அறிவியல் செய்தியைச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார். ஊக்கவுரை ஆற்றும் வன்மை எனக்கு இல்லை. கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். எனக்குத் தெரிந்தது பாடம் நடத்துவது ஒன்றே. ஆகவே இன்று ஒரு பாடமே நடத்தப் போகிறேன். அப்பாடம் ஒரு பிழைதிருத்தமும் ஆகும். இந்த அவையில் என்னிடம் பயின்றவர்கள் ஐந்தாறு பேரையேனும் காண்கிறேன். அவர்களுக்கு நான் ஒரு செய்தியைப் பல ஆண்டுகள் தவறாகக் கற்பித்துவிட்டேன். பலர் முன்னிலையில் கற்பித்த பிழையைப் பலர் முன்னிலையிலேயே திருத்துவதுதான் ஆசிரியனுக்கு முறை.

அப்பிழை இது. வெப்ப இயக்கவியலில் என்ட்ரோப்பி என்று ஓர் அளவு வரும். "என்ட்ரோப்பி என்பது ஒழுங்கின்மையின் அளவு; தனித்து விடப்பட்ட பொருள்தொகுதியில் அது பெருகவே செய்யும்; ஆதலால் எதுவும் தானாக ஒழுங்கிலிருந்து ஒழுங்கின்மைக்கே செல்லும்" என்று நான் சொல்வேன். அடுக்கி வைத்த புத்தகங்கள் கலைவதை எடுத்துக்காட்டாகக் கூறுவேன். மாணவர் எழுதிக்கொள்வர். தேர்வுத்தாளில் அதையே திருப்பி எழுதுவர். நானும் முழு மதிப்பெண் இடுவேன். பல பாடநூல்களும் அவ்வாறே கூறியமையால் எனக்கு ஐயம் எழவில்லை. அந்த ஐயத்தை எனக்குள் எழுப்பியவை வெறும் குச்சிகள்.

அம்மாவின் முறம்

கோவில்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். என் தாயார் தீப்பெட்டித் தொழிற்சாலைக்காக வீட்டில் இருந்தபடியே குச்சி அடுக்குவார். பள்ளம் வெட்டிய மரச் சட்டங்களில் குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாக நிறுத்த வேண்டும். பிறகு அவற்றை மருந்தில் தோய்ப்பார்கள். சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளி விட்டு வந்ததும் நானும் என் தமக்கையும் உடன் அமர்வோம். அந்தச் சட்டத்தில் இருந்த ஒழுங்கு, எங்கள் விரல்கள் தேய்ந்து உண்டாக்கிய ஒழுங்கு.

ஆனால் வேறோர் ஒழுங்கையும் அங்கே கண்டேன். சாக்கிலிருந்து அள்ளிய குச்சிகளை அம்மா முறத்தில் கொட்டுவார். குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். முறத்தை இரண்டு மூன்று முறை குலுக்குவார். பெரும்பாலான குச்சிகள் ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்துவிடும். கையில் அள்ளுவதற்கு எளிதாகும். ஏன் இப்படி ஆகிறது என்று ஒருநாள் கேட்டேன். "நெருக்குனா ஒரு பக்கமாத் திரும்புனாத்தானய்யா எடம் கெடைக்கும்" என்றார், வேலையை நிறுத்தாமலே.

முறத்தில் கையின் வேகமும் உண்டு, பூமியின் ஈர்ப்பும் உண்டு. ஆகவே அது தூய சோதனை ஆகாது. எனினும் அம்மா சொன்ன அந்த விடைக்குள் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த இயற்பியல் கருத்து ஒன்று இருக்கிறது என்பதை நான் பணி ஓய்வுக்குப் பின்னரே உணர்ந்தேன்.

கலங்கிய நீர்மம்

முதலில் நிலைமாற்றம் என்றால் என்ன என்று பார்ப்போம். நீரைச் சூடாக்குங்கள். 20 பாகையிலும் அது நீர், 60 பாகையிலும் நீர், 95 பாகையிலும் நீர். 100 பாகையில் கொதித்து ஆவியாகிறது. வெப்பம் சிறிது சிறிதாக ஏறினாலும் பொருளின் இயல்பு ஒரு குறிப்பிட்ட எல்லையில் மாறிவிடுகிறது. இதுவே நிலைமாற்றம். திண்மம், நீர்மம், வாயு என்று மூன்று நிலைகளைப் பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள்.

1888-ஆம் ஆண்டில் பிராகு நகரில் பணியாற்றிய ரைனிட்சர் என்னும் தாவரவியல் அறிஞர் இந்த மூன்றில் அடங்காத ஒன்றைக் கண்டார். கொலஸ்டிரில் பென்சோயேட் என்னும் பொருளை அவர் சூடாக்கினார். 145.5 பாகையில் அது உருகிக் கலங்கிய நீர்மமாயிற்று. உருகிய பொருள் ஏன் கலங்கியிருக்க வேண்டும்? மேலும் சூடாக்கினார். 178.5 பாகையில் திடீரெனத் தெளிந்தது. ஒரே பொருள் இரண்டு முறை உருகியது போல் இருந்தது. அவர் ஜெர்மானிய அறிஞர் லேமானுக்கு எழுதினார். லேமான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இடைப்பட்ட அந்நிலை நீர் போல ஓடுகிறது, ஆயினும் படிகம் போல ஒளியைக் கையாள்கிறது என்று கண்டார். இன்று நாம் அதைத் திரவப் படிகம் என்கிறோம். கணக்கிடும் கருவியிலும் கைக்கடிகாரத்திலும் தொலைக்காட்சித் திரையிலும் பயன்படுவது இதுவே.

திரவப் படிகத்தின் மூலக்கூறுகளுள் பல, நீண்ட குச்சி போன்ற வடிவுடையவை. அவை இடம் மாறி ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் ஏறத்தாழ ஒரே திசையை நோக்கி நிற்கும். இடத்தில் ஒழுங்கில்லை, திசையில் ஒழுங்குண்டு. இந்நிலைக்கு 1922-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபிரீடல் "நெமாட்டிக்" என்று பெயரிட்டார். நூல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

ஈர்ப்பு இல்லாமல் ஒழுங்கு

குச்சிகளை ஒரே திசையில் நிற்கவைப்பது எது? ஒன்றையொன்று ஈர்க்கின்றன, ஆகவே இணைந்து நிற்கின்றன என்பதே முதலில் தோன்றும் விடை. சில பொருள்களில் அது உண்மையும் ஆகும். ஆனால் 1936-இல் இங்கிலாந்தில் பாடன், பிரீ, பெர்னால், ஃபேன்குகன் ஆகிய நால்வர் ஒரு புதுமையை வெளியிட்டனர். புகையிலைச் செடியைத் தாக்கும் தேமல் நோயின் வைரசைப் பிரித்தெடுத்து நீரில் கரைத்தனர். அந்த வைரஸ் ஒரு குச்சி. நீளம் ஏறத்தாழ 300 நானோமீட்டர், குறுக்களவு 18 நானோமீட்டர். கரைசல் அடர்ந்தபோது அது இரண்டு அடுக்குகளாகப் பிரிந்தது. மேல் அடுக்கில் குச்சிகள் எல்லாத் திசைகளிலும் கிடந்தன. கீழ் அடுக்கில் ஒரே திசையில் நின்றன.

இதற்கு 1949-இல் விளக்கம் தந்தவர் லார்ஸ் ஒன்சாகர். நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். வேறொரு பணிக்காக 1968-இல் வேதியியல் நோபெல் பரிசு பெற்றவர். அவர் சொன்னது இதுதான்: குச்சிகளுக்கிடையே ஈர்ப்பே வேண்டியதில்லை. ஒரு குச்சி இருக்கும் இடத்தில் இன்னொன்று இருக்க முடியாது என்ற ஒரே விதி போதும். குச்சி போதுமான நீளம் உடையதாக இருந்து, கூட்டமும் போதுமான அளவு அடர்ந்துவிட்டால், ஒழுங்கு தானாகவே பிறக்கும்.

இது எவ்வாறு இயலும்? என்ட்ரோப்பி குறைந்தால் அல்லவா ஒழுங்கு வரவேண்டும்? இங்கேதான் என் பிழை வெளிப்படுகிறது.

வியன்னா நகரில் போல்ட்ஸ்மானின் கல்லறை மேல் ஒரு சமன்பாடு பொறிக்கப்பட்டுள்ளது. என்ட்ரோப்பியின் இலக்கணம் அதுவே. அதில் ஒழுங்கும் இல்லை, ஒழுங்கின்மையும் இல்லை. "எத்தனை வகைகளில்?" என்ற எண்ணிக்கை ஒன்றே உள்ளது. ஒரு நிலை எத்தனை வகைகளில் அமையக்கூடும் என்று எண்ணுங்கள். மிகுதியான வகைகளில் அமையக்கூடிய நிலையே நம் கண்முன் தோன்றும். பெரும்பாலும் கலைந்த நிலைக்கே வகைகள் மிகுதி. ஆகவே பாடநூல் சொன்னது பெரும்பாலும் பொருந்தியது. "பெரும்பாலும்" என்பதை "எப்போதும்" என்று ஆக்கியதே என் தவறு.

கட்டத்தாளில் ஒரு கணக்கு

மேலே நான் சொன்னதை நம்பிவிடாதீர்கள். எண்ணிப் பாருங்கள். அதற்குச் சதுரக் கட்டங்கள் வரைந்த ஒரு தாளும் பென்சிலும் போதும். இயற்பியலார் இத்தகைய கட்ட அமைப்பை அணிக்கோவை என்பர். உண்மைக் குச்சிகள் எத்திசையிலும் திரும்பும். நம் தாளில் இரண்டே திசைகள். நிரையில் கிடப்பதைக் கிடைக்குச்சி என்போம். நிரலில் கிடப்பதை நெட்டுக்குச்சி என்போம். ஒரு குச்சி அடுத்தடுத்த 7 கட்டங்களை அடைத்துக்கொள்ளும். ஒரு கட்டத்தை இரண்டு குச்சிகள் பகிர முடியாது. வேறு விதியே இல்லை.

பெரிய தாளின் நடுவே ஒரு கிடைக்குச்சியை வையுங்கள். அது வைக்கப்பட்டதால் இன்னொரு கிடைக்குச்சிக்கு எத்தனை இடங்கள் மறுக்கப்படுகின்றன? அதே நிரையில், அதன் மேல் ஏதேனும் ஒரு கட்டமாவது படியும்படி வைக்கும் இடங்கள் மட்டுமே மறுக்கப்படும். எண்ணினால் 13 வரும். இப்போது நெட்டுக்குச்சிக்கு மறுக்கப்படும் இடங்களை எண்ணுங்கள். கிடைக்குச்சி 7 நிரல்களைக் குறுக்கே மறிக்கிறது. ஒவ்வொரு நிரலிலும் 7 இடங்கள் போகின்றன. ஆக 49 இடங்கள். தன்னைப் போலக் கிடப்பதற்கு 13 இடங்களையும், தனக்குக் குறுக்கே கிடப்பதற்கு 49 இடங்களையும் ஒரு குச்சி மறுக்கிறது. ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு.

எல்லாக் குச்சிகளும் ஒரே திசையில் கிடக்க முடிவு செய்தால் ஒவ்வொன்றும் ஓர் உரிமையை இழக்கும். கிடையா, நெட்டா என்ற இரண்டில் ஒன்றைத் தேரும் உரிமை அது. அதற்கு ஈடாக நகர்வதற்குரிய இடங்கள் பெருகும். கூட்டம் குறைவாக இருக்கும்போது இடத்துக்குப் பஞ்சமில்லை. திசையுரிமையை விட்டுக்கொடுப்பது நட்டம். கூட்டம் மிகும்போது இடமே அருமையாகிறது. திசையை விட்டு இடத்தைப் பெறுவது ஆதாயம். ஒழுங்காக நிற்கும் நிலைக்கே வகைகள் மிகுதியாகின்றன. என்ட்ரோப்பி பெருகியதால் ஒழுங்கு பிறந்தது! "திரும்புனாத்தானய்யா எடம் கெடைக்கும்" என்று அம்மா சொன்னதன் கணக்கு இதுவே.

குச்சி குட்டையாக இருந்தால் என்ன ஆகும்? இரண்டே கட்டம் அடைக்கும் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைப் போன்றதற்கு 3 இடம் மறுக்கும். குறுக்கே கிடப்பதற்கு 4 இடம் மறுக்கும். மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. அதற்காகத் திசையுரிமையை இழப்பது எக்காலத்திலும் கட்டுப்படியாகாது.

இரட்டைக் குச்சியின் வரலாறு

இந்த இரண்டு கட்டக் குச்சியை அறிஞர்கள் நெடுங்காலம் ஆராய்ந்தனர். 64 கட்டங்கள் உள்ள சதுரங்கப் பலகையை 32 இரட்டைக் குச்சிகளால் இடைவெளியின்றி எத்தனை வகைகளில் மூடலாம்? 1961-இல் காஸ்டலைன் ஒரு பக்கமும், டெம்பர்லி, ஃபிஷர் இருவரும் மறுபக்கமும் இதற்குப் பொதுவான சூத்திரம் கண்டனர். விடை 1,29,88,816. நீங்கள் சிறிதாகத் தொடங்குங்கள். நான்குக்கு நான்கு பலகையில் 36 வகைகள் உண்டு. ஓர் இரவு உட்கார்ந்தால் எல்லாவற்றையும் வரைந்துவிடலாம். வரைந்தவர்க்கு எண்ணும் முறையும் கைவரும்.

பலகையில் சில கட்டங்கள் காலியாக இருக்கலாம் என்றால்? 1972-இல் ஹைல்மானும் லீபும் ஓர் உறுதியான முடிவை நிறுவினர்: காலியிடம் சிறிதேனும் உள்ளவரை, எந்த அடர்த்தியிலும் இரட்டைக் குச்சிகளுக்கு நிலைமாற்றமே இல்லை. அதே இருவரும் 1979-இல் இரட்டைக் குச்சிகளுக்கிடையே ஈர்ப்பைச் சேர்த்துப் பார்த்தனர். ஒரே கோட்டில் அடுத்தடுத்து நிற்பவை ஒன்றையொன்று ஈர்க்கும் என்று கொண்டால், குளிர்ந்த நிலையில் திசையொழுங்கு தோன்றுவதை நிறுவினர். ஆக, குச்சிகள் ஒருங்குபட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஈர்ப்பின் வழி. அங்கே வெப்பநிலை தீர்ப்புச் சொல்லும். மற்றொன்று நெருக்கத்தின் வழி. அங்கே வெப்பநிலைக்கு வேலையில்லை, நீளமும் அடர்த்தியுமே தீர்ப்புச் சொல்லும். நாம் இன்று தொடர்ந்து செல்வது இரண்டாவது வழியில்.

ஏழு என்னும் எண்

இரண்டுக்கு ஒழுங்கில்லை, மிக நீண்ட குச்சிக்கு ஒழுங்கு உண்டு. எனில் எந்த நீளத்தில் அது தொடங்குகிறது? 2007-இல் மும்பை டாடா ஆதார ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆனந்தமோகன் கோஷும் தீபக் தாரும் கணினிச் சோதனையால் விடை கண்டனர். சதுர அணிக்கோவையில் குச்சியின் நீளம் 6 வரை திசையொழுங்கு இல்லை. 7 முதல் உண்டு. (தீபக் தார் 2022-இல் புள்ளியியல் இயற்பியலுக்கான போல்ட்ஸ்மான் பதக்கம் பெற்றார், அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.)

அவர்கள் மற்றொன்றையும் சொன்னார்கள். அதுவே என்னை வியப்பில் ஆழ்த்தியது. கூட்டம் மேலும் மேலும் நெருங்கினால் ஒழுங்கும் மேலும் மேலும் பெருகும் என்றுதானே நாம் நினைப்போம்? அவ்வாறு இல்லை. ஏறத்தாழ முழுவதும் நிரம்பும் தறுவாயில் ஒழுங்கு மீண்டும் அழிந்துபோகிறது.

இதற்கும் கட்டத்தாளில் காரணம் காணலாம். 70-க்கு 70 பலகையை 7 கட்டக் குச்சிகளால் இடைவெளியின்றி நிரப்புங்கள். எல்லாம் கிடையாகவே இருக்க வேண்டும் என்றால் நிரைக்கு 10 குச்சிகள். விளிம்பிலிருந்து விளிம்புவரை அசைய இடமில்லை. ஒரே ஒரு வகைதான். ஆனால் அதே பலகையை ஏழுக்கு ஏழு ஆன 100 சதுரங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு சதுரத்தையும் ஏழு கிடைக்குச்சிகளாலும் நிரப்பலாம், ஏழு நெட்டுக்குச்சிகளாலும் நிரப்பலாம். சதுரத்துக்கு இரண்டு வகை எனில் நூறு சதுரங்களுக்கு இரண்டை நூறு முறை பெருக்க வேண்டும். வருவது 31 இலக்கம் கொண்ட எண். ஓர் ஒழுங்கான வகைக்கு எதிரே இத்தனை கலந்த வகைகள்! பலகை பெரிதாக ஆக, இந்த எண்ணிக்கை பரப்பளவுக்கு ஏற்ப மேலும் பெருகும். நகர இடமே இல்லாதபோது, திசையை விட்டுக்கொடுத்தாலும் ஈடாகப் பெற ஒன்றுமில்லை.

ஆகவே ஒரே குச்சிக்கு மூன்று நிலைகள். குறைந்த கூட்டத்தில் கலைவு. இடைப்பட்ட கூட்டத்தில் ஒழுங்கு. நிறைந்த கூட்டத்தில் மீண்டும் கலைவு. நீளம் 7 எனில், நூறு கட்டங்களில் ஏறத்தாழ 75 நிரம்பும்போது முதல் மாற்றம் நிகழ்கிறது. ஏறத்தாழ 92 நிரம்பும்போது இரண்டாவது நிகழ்கிறது. முதல் மாற்றத்தை அர்ஜெண்டினா நாட்டு அறிஞர்கள் 2008-இல் ஆராய்ந்து, அது இசிங் என்னும் காந்த மாதிரியில் நிகழும் மாற்றத்தின் இனத்தைச் சேர்ந்தது என்று காட்டினர். இருபரிமாண இசிங் மாதிரிக்கு 1944-இல் தீர்வு கண்டவர் யார் தெரியுமா? குச்சிகளைப் பற்றிச் சொன்ன அதே ஒன்சாகர்தான்.

தரமணியில் நடந்த வேலை

இரண்டாவது மாற்றத்தைக் கணினியில் காண்பது எளிதாக இருக்கவில்லை. ஒரு குச்சியை எடுப்பது, வேறிடத்தில் வைப்பது, இவ்வாறே கோடிக்கணக்கான முறை செய்து நிலையைச் சமனுக்குக் கொண்டுவருவது பழைய முறை. பலகை நிறைந்துவிட்டால் எடுத்த குச்சியை எடுத்த இடத்திலேயேதான் மீண்டும் வைக்க முடியும்! திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டவன் ஓர் அடியும் நகர முடியாதது போல.

இச்சிக்கலை அவிழ்த்த வேலையின் பெரும்பகுதி நம் சென்னையிலேயே நடந்தது. தரமணியில் 1962-இல் தொடங்கப்பட்ட கணித அறிவியல் நிறுவனம் உள்ளது. அன்று அங்கிருந்த ஜோய்ஜித் குண்டு, ராஜேஷ் ஆகியோர் தீபக் தாருடனும் பிரேசில் நாட்டு அறிஞர் ஸ்டில்க்குடனும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு புதிய முறையைக் கையாண்டனர். குச்சிகளை ஒவ்வொன்றாகத் தொடாமல், கிடைக்குச்சிகள் அனைத்தையும் ஒரேயடியாக எடுத்துவிடுவது. நெட்டுக்குச்சிகளை அசைக்காமல் விடுவது. இப்போது ஒவ்வொரு நிரையிலும் சில வெற்றுத் துண்டுகள் மிஞ்சும். ஒரு நிரையை நிரப்புவது ஒற்றைப் பரிமாணக் கணக்கு. அதற்குத் துல்லியமான விடை உண்டு. அவ்விடையின்படி எல்லா நிரைகளையும் புதிதாக நிரப்புவது. அடுத்து நெட்டுக்குச்சிகளுக்கும் அவ்வாறே செய்வது. இம்முறையால் நெருக்கம் மிகுந்த நிலையிலும் பலகை உறைந்துபோகாமல் மாறிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாற்றம் உண்டு என்பது தெளிவாயிற்று. எனினும் அம்மாற்றமும் இசிங் இனமே எனத் துணிய அவர்களால் முடியவில்லை. நிறைந்த நிலையில் ஒரு கட்டத்தின் செய்தி 1400 கட்டங்களுக்கு அப்பாலும் மெல்லியதாகத் தொடர்வதைக் கண்டு, அதைவிடப் பெரிய அளவில் இயல்பு மாறக்கூடும் என்று எழுதினர். தம் அறிவின் எல்லையைத் தாமே கோடிட்டுக் காட்டிய அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதே 2013-இல் டிசெர்டோரி, ஜூலியானி என்னும் இருவர், போதிய அளவு நீண்ட குச்சிகளுக்கு இடைப்பட்ட அடர்த்தியில் திசையொழுங்கு உண்டு என்பதைக் கணித முறையில் ஐயமற நிறுவினர். ஆனால் அவர்களது நிறுவல் மிக நீண்ட குச்சிகளுக்கே பொருந்தும். ஏழு என்ற எண்ணைத் தாங்கி நிற்பது கணினிச் சோதனையே. மூன்று பரிமாணக் கனச் சதுர அணிக்கோவையை 2017-இல் விக்னேஷ்வர், தார், ராஜேஷ் ஆகியோர் ஆராய்ந்தனர். நீளம் 4 வரை ஒழுங்கே இல்லை; 5, 6 ஆகிய நீளங்களில், அடர்த்தி மிகும்போது ஒரு திசைக் குச்சிகள் அருகி, அமைப்பு அடுக்கடுக்காகப் பிரிகிறது; திசையொழுங்கு அங்கேயும் 7-இல்தான் தலைகாட்டுகிறது.

இளைஞர்களுக்கு

இப்பாடத்தைக் கேட்ட சிலருக்கு ஓர் எண்ணம் தோன்றலாம். இயற்கையில் ஒழுங்கு தானாகவே பிறக்கிறது என்றால், மனிதர்க்குள் நெடுங்காலமாக வகுத்து வைத்த வரிசையும் இயற்கையானதுதானோ என்று யாரேனும் வாதாடவும் கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நான் சொன்ன ஒழுங்கில் மேல்வரிசைக் குச்சி, கீழ்வரிசைக் குச்சி என்று எதுவும் கிடையாது. எல்லாம் ஒரே நீளம், ஒரே விதி. கிடைத்திசை வெல்லுமா, நெட்டுத்திசை வெல்லுமா என்பதும் தற்செயலே. இரண்டுக்கும் சரிசம வாய்ப்பு. குச்சிகளைக் கொண்டு மனிதருக்கு நீதி வகுப்பது விஞ்ஞானமும் ஆகாது, நீதியும் ஆகாது. மனிதன் எண்ணிப் பார்க்க வல்லவன். குச்சிக்கு அது இயலாது.

"இதையெல்லாம் படித்து என்ன பயன்? நம் பிள்ளைகள் விரைவில் வேலைக்குச் செல்லும் படிப்பைப் படிக்கட்டுமே" என்று பெற்றோர் கேட்பது எனக்குத் தெரியும். அக்கேள்வியில் குற்றமில்லை. என் தாயாரும் கேட்டார். அடுப்பு எரிய வேண்டும் என்ற கவலை அறியாதவன் அல்லன் நான். வேலைக்குரிய படிப்பைப் படியுங்கள். ஆனால் அதனுடன் ஒரு பழக்கத்தையும் கைக்கொள்ளுங்கள்: பெரியவர் சொன்னார், பாடநூல் சொன்னது, பேராசிரியர் சொன்னார் என்று நின்றுவிடாமல், எண்ணிப் பார்த்து ஏற்கும் பழக்கம். நான் அப்பழக்கத்தை என் பாடத்திலேயே கைவிட்டிருந்தேன். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்குப் பாடநூல் வேதம் போலத் தெரிந்தது. அதில் கைவைக்க அஞ்சினேன். அந்த அச்சம் உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

இத்துறைக்கு விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. 13-ஐயும் 49-ஐயும் ஒன்பதாம் வகுப்பு மாணவி எண்ணிவிடுவாள். நான்குக்கு நான்கு பலகையின் 36 வகைகளையும் வரைவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கணினி நிரல் கற்றவர்கள், ஏழு கட்டக் குச்சிகளைத் தாமே பலகையில் இட்டுப் பார்க்கலாம். ஏன் 6 போதாது, ஏன் 7 போதும் என்ற கேள்விக்குக் கணினி "அவ்வாறே நிகழ்கிறது" என்கிறது. காரணத்தைக் கையால் எழுதிக் காட்டும் எளிய நிறுவலை நான் இன்றுவரை படித்ததில்லை. நம் பிள்ளைகள் இதுகாறும் பிறர் கேட்ட கேள்விகளுக்கு விடை எழுதி வந்தனர். இனி விடை தெரியாத கேள்விகளின் முன்னும் அவர்கள் துணிந்து அமர வேண்டும்.

என்னிடம் பயின்றவர்களே, உங்கள் பழைய குறிப்பேட்டில் "என்ட்ரோப்பி என்பது ஒழுங்கின்மையின் அளவு" என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். "எத்தனை வகைகள் என்ற எண்ணிக்கையிலிருந்து பெறும் அளவு" என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்களுள் சிலர் இன்று ஆசிரியர்கள். உங்கள் மாணவர்க்கும் இதைச் சொல்லிவிடுங்கள். அன்று நான் தந்த மதிப்பெண்களைத் திரும்பப் பெறப் போவதில்லை. அக்குற்றம் உங்களுடையது அன்று.

இவ்வரங்கின் வாயிலில் ஒரு கட்டுக் கட்டத்தாள் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துச் செல்லலாம். எண்ணி முடித்தவர்கள் எழுதி அனுப்புங்கள். நான் சொன்ன எண்கள் தவறாக இருந்தால் முதலில் அதை எழுதுங்கள்.